செக்கடிச் சந்தில் ஒருவரும் குடியில்லை

1963ஆம் வருஷத்தில், திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த செக்கடிச் சந்தில் நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு மனுஷிதான் இருந்தாள். மீதி நூற்றெண்பத்தேழு பேரும் அந்தந்த வீட்டிலேயே குடியிருந்தார்கள், உலை வைத்தார்கள், துணி துவைத்தார்கள். ஆனால் நாலு வருஷத்துக்கு மேலாக அவர்களை யாரும் பார்க்கவில்லை. அதே வருஷம் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் மணங்கு ஆறு ரூபாய்க்குப் போனது. மழையில் அழுகி வெற்றிலை விலை ஏறியது. எல்லாமே ஊருக்குத் தெரிந்த விஷயங்கள்தான். கொடியில் ஈரப் புடவை தானாக ஏறுவதைப் பார்த்து வெளியூர்க்காரன் எவனாவது வாயைப் பிளந்து நின்றால், மூட்டை தூக்குகிறவர்கள் "நடங்க, நடங்க, வழியில நிக்காதீங்க" என்று இடித்துக்கொண்டு போவார்கள்.

இது வந்தது வீட்டு வரியால். 1957 கடைசியில், வீட்டு வரியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கப் போவதாகவும், அந்தப் பணத்தில் சந்து சந்தாகக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் போவதாகவும் நகரசபையிலிருந்து தண்டோரா போட்டார்கள். செக்கடிச் சந்தில் கிணறு ஒன்றே ஒன்று. அதுவும் பங்குனி பிறந்தால் உப்புக் கரிக்கும். முந்தின கோடையில் அந்தத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியில் இரண்டு உயிர் போயிருந்தது. ஆகவே குழாய் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. வரி கட்ட வேண்டும் என்பதில்தான் சண்டை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. சந்து முனையில் இருந்த எல்லைப்பிடாரி கோயில் வாசலில் மூன்று நாள் பேசினார்கள். இட்லிக் கடை வைத்திருந்த வெள்ளையம்மாள் ஒருத்திதான் கட்டலாம் என்றாள். வாந்திபேதியில் போன இரண்டு பேரில் ஒருவர் அவளுடைய புருஷன். "தண்ணி வேணும்னா குடுத்துத்தான் ஆவணும். காவேரி என்ன நம்ம வீட்டைத் தேடிச் சும்மாவா வருவா?" என்றாள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று நாலு பேர் சிரித்தார்கள். அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

வேண்டாம் என்றவர்களின் தலைவர் தங்கையன். அவர் பஷீர் அகமதின் வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். தராசு முள்ளில் ஈ உட்கார்ந்தால்கூட ஊதிவிட்டுத்தான் எடை சொல்லுவார் என்று பெயர். பச்சைமலையிலிருந்து வருகிற குடியானவர்கள், விலையை யார் சொன்னாலும் சரி, எடையைத் தங்கையன்தான் சொல்ல வேண்டும் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அவர் வாதம் இதுதான்: "மழை பெஞ்சா ஒழுவுற வீடு. அதுக்கு வாடகை மதிப்பு இவ்வளவுன்னு எவனோ நாற்காலியில உட்கார்ந்து சொல்லுவான், நான் கட்டணுமா? குழாயை முதல்ல போடச் சொல்லுங்க, தண்ணி வரட்டும், கட்டுறேன்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நியாயம் பேசத் தெரிந்தவர் ஒரு தெருவுக்கு ஒருவர் இருந்துவிட்டால் மற்றவர்களுக்கு யோசிக்கிற வேலை மிச்சம்.

அப்போதுதான் மனு எழுதிப் பிழைக்கிற பெரியண்ணன் ஒரு வழி சொன்னான். சட்டத்தில் காலி வீட்டுக்குப் பாதி வரி தள்ளுபடி உண்டு. வீட்டில் ஒருவரும் குடியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இரட்டிப்பான வரி பழையபடி பாதியாகிவிடும். சந்தே குதித்தது. தங்கையன் மட்டும் முகத்தைச் சுளித்தார். பொய்க் கையெழுத்துப் போடுவதில்லை என்றார். எல்லோரும் கெஞ்சினார்கள். ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு வந்து அவரே ஒரு யோசனை சொன்னார்: வரி இன்ஸ்பெக்டர் பார்வையிட வருகிற நேரத்தில் நாற்பது வீட்டுக்காரர்களும் பாய் படுக்கை, சட்டி பானையோடு நிஜமாகவே வெளியே வந்துவிடுவது, பிடாரி முன்னால் சூடம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அணைத்து, 'எங்க வீட்ல யாரும் இல்லை' என்று சத்தியம் பண்ணுவது. "அந்த நிமிசம் வீடு காலிதானே? சத்தியத்துல குத்தம் எங்க இருக்கு?" என்றார். வாழ்நாள் முழுக்கச் சரியாக எடை போட்ட மனுஷன் சொன்னால் யார் மறுப்பார்கள்? 1958 சித்திரை மாதம், உச்சி வெயிலில், குழந்தை குட்டிகளோடு தெருவில் நின்று நாற்பது குடும்பமும் சூடம் அணைத்தது. வெள்ளையம்மாள் வரவில்லை, அவள் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதியவர், சூடத்துக்குப் பயந்தவர். ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தார், ஆள் இல்லை, எழுதிக்கொண்டு போனார். எழுதினதை நகரசபை ஏற்றுக்கொண்டது. சொன்னதைப் பிடாரியும் ஏற்றுக்கொண்டாள்.

வரி அரையாண்டுக்கு ஒரு தரம். போனதும் அப்படி அரையாண்டுக் கணக்கில்தான் போயிற்று. முதல் அரையாண்டில் நிழல் போனது. வெயிலில் நடந்தால் கால்மாட்டில் ஒன்றும் விழவில்லை. புரட்டாசி மாதம்தான் குழந்தைகள் கவனித்துச் சொல்லின. அடுத்த அரையாண்டில் உருவம் போனது. பக்கத்தில் படுத்த பெண்டாட்டி புருஷன் கண்ணுக்குத் தெரியவில்லை, புருஷன் பெண்டாட்டிக்குத் தெரியவில்லை, தொட்டாலும் கையில் ஒன்றும் தட்டவில்லை. உடுத்தின துணியும் உடம்போடு மறைந்தது, கையில் எடுத்த சாமான் மட்டும் நகர்ந்தது. பஷீர் அகமது கடையில் எடைக்கல் தானாகத் தட்டில் ஏறியது, முள் நேராக நின்றது, குரல் மட்டும் "இருவத்தி நாலே கால்" என்று சொன்னது. பஷீர் அகமது ஒரு நாள் பூராவும் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "ஆளு தெரியலைன்னா என்ன, எடை சரியா இருக்குல்ல தங்கையண்ணே" என்று சொல்லிவிட்டு, அன்றாடக் கூலியைத் தராசுக்கல்லுக்கு அடியில் வைக்க ஆரம்பித்தார். ஒரு காசு குறைத்ததில்லை.

1959 ஆடிப்பெருக்கன்று, செக்கடிச் சந்து ஆட்கள் சிலர் ஸ்ரீரங்கத்துக்குப் போகிற பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் ஏறினார்கள். காவேரிப் பாலத்தின் நடுவில் வந்ததும் காலி ஸீட்டுகளில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் அதிசயப்படவில்லை, கோபப்பட்டார். டிக்கெட் வாங்காமல் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று எல்லோரிடமும் முழுக் காசு வசூல் பண்ணினார். விஷயம் அப்போதுதான் விளங்கிற்று. பிடாரியின் எல்லை ஆற்றின் பாதி வரைக்கும்தான். அதற்கு அந்தாண்டை ரெங்கநாதர் ராஜ்ஜியம். அங்கே இவர்கள் பண்ணின சத்தியம் செல்லாது. திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடி ஸீட்டுகள் காலியாகிவிட்டன. சில குடும்பங்கள் அக்கரைக்கே குடிபோனால் என்ன என்று யோசித்தன. ஆனால் பிழைப்பு மார்க்கெட்டில், சொந்த வீடு சந்தில். சொந்த வீட்டை விட்டுவிட்டு வாடகைக்குப் போகவா இத்தனை கூத்தும் பண்ணினோம் என்று இருந்துவிட்டார்கள்.

அந்தப் பதினோரு பேரில் தங்கையன் பெண்டாட்டி பொன்னுத்தாயும் ஒருத்தி. ஆற்று நடுவில் தன் கையைத் தானே பார்த்து அழுதவள். வீட்டுக்கு ஓடி வந்து, குரல் வந்த பக்கம் பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, வாங்க, அக்கரைக்குப் போயிடுவோம். நம்ம சந்திரா அங்கதான இருக்கா. உங்க மூஞ்சியப் பாத்து அஞ்சு மாசம் ஆச்சுங்க." சந்திரம்மாள் அவர்களுடைய ஒரே மகள், ஸ்ரீரங்கத்தில் பூ வியாபாரி வீட்டில் வாக்கப்பட்டிருந்தாள். தரையில் இருந்த சொம்பு எழுந்து, சாய்ந்து, மறுபடி உட்கார்ந்தது. அப்புறம் தங்கையன் குரல் வந்தது: "நான் சொன்னேன்னுதான் நூத்தி எண்பது பேரும் சூடம் அணைச்சாங்க. ஊரையே கெடுத்துட்டு நான் மட்டும் அக்கரையில போயித் தலையைக் காட்டவா? நீ போ, பொன்னு." அவள் போகவில்லை. புரட்டாசி கடைசியில் மூன்றாவது அரையாண்டு முடிந்தது, சந்தில் குரலும் போய்விட்டது. அந்த வீட்டில் அவள் கடைசியாகக் கேட்ட வார்த்தை 'உப்புக் கம்மி' என்பது.

மறு தை மாதம் சந்திரம்மாளுக்குத் தலைப்பிரசவம். அழைத்துப் போக யாரும் வராததால் நிறைமாத வயிற்றோடு அவளே வந்தாள். வீடு திறந்து கிடந்தது, அடுப்பில் உலை கொதித்தது, அம்மாவைக் காணோம். சந்துக்கு நேர்ந்ததை யாரும் அவள் காதில் போட்டிருக்கவில்லை. அம்மா எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தாள். பெண் சுவரில் சாய்ந்து, "எங்கம்மா போன? என்னைய இப்படி விட்டுட்டு எங்க போன?" என்று விம்மினாள். பெற்ற வயிறு என்ன பாடுபடும்! ஒரு சொம்புத் தண்ணீர் தானாக நகர்ந்து வந்து அவள் முன்னால் நின்றது. அவள் பயந்து எழுந்து போய்விட்டாள். பொன்னுத்தாய் பின்னாலேயே ஓடி, அதே பஸ்ஸில் ஏறி, ஆற்று நடுவில் பெண்ணின் பக்கத்து ஸீட்டில் தெரிந்தாள். பிரசவம் சம்பந்தி வீட்டில்தான் நடந்தது, ஊர் வழக்கத்துக்கு மாறாக. பிறந்தது பேரன். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தாத்தா வரவில்லை.

பேரனுக்கு மூன்று மாதம் ஆனபோது பொன்னுத்தாய் ஸ்ரீரங்கத்துத் தபாலாபீஸிலிருந்து முழு வரியையும் மணியார்டர் பண்ணினாள். கழுத்துத் தங்கக் குண்டுமணியை விற்ற பணம் அது. வீடு காலி, பாக்கி ஒன்றும் இல்லை என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். சட்டப்படி சரிதான், இல்லாத பாக்கியை எப்படி வாங்குவார்கள்? 1961இல் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் சந்தை இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டு 'ஒருத்தி' என்று எழுதினார். அதே வருஷம் குழாயும் வந்தது. ஒரு ஆள் குடியிருக்கிற சந்துக்கு ஒரு குழாய் என்று, வெள்ளையம்மாள் வீட்டு வாசலோடு பள்ளத்தை மூடிவிட்டார்கள். மற்ற தெருக்களில் பத்து வீட்டுக்கு ஒன்று. தினம் காலையில் அந்த ஒற்றைக் குழாயடியில் நாற்பது குடங்கள் வரிசையாக வந்து நிற்கும். முண்டியடிக்கும். வெள்ளையம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அந்தப் பித்தளைக் குடம், பின்னால போ. வரி கட்டமாட்டேன்னப்ப இருந்த வாய் இப்ப எங்க போச்சு?" என்று காலிக் காற்றைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே எல்லாக் குடத்தையும் நிரப்பித்தான் அனுப்புவாள்.

பொன்னுத்தாய் மாதம் பிறந்தால் ஒரு நாள் ஸ்ரீரங்கம் போய்ப் பேரனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். மகள் இருக்கச் சொன்னால், "அங்க சோறு போடணும்டி" என்பாள். அவளுக்குப் புருஷன் என்று மிச்சம் இருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்; கொஞ்ச நேரத்தில் தட்டு காலியாக இருக்கும். மோர்மிளகாய் மிச்சம் இருந்தால் கோபம், தட்டுக் கழுவி இருந்தால் சந்தோஷம். இப்படியும் ஒரு குடித்தனம். ஒவ்வொரு மாதமும் கிளம்பும்போது, துவைத்த சட்டை ஒன்றையும் பஸ்ஸுக்குப் பதினைந்து காசையும் வாசற்படியில் வைப்பாள், வாங்க என்று அர்த்தம். திரும்பி வரும்போது சட்டையும் காசும் வைத்த இடத்திலேயே இருக்கும். எடுத்துப் பெட்டிமேல் வைப்பாள்.

எதிர்வீட்டு வீரமலையின் தகப்பனார் 1962இல் செத்துப்போனது அவளுக்குத் தெரியும். தெரிந்தது எப்படி? மூன்று நாள் அவர் சோறு அப்படியே இருந்தது, அவ்வளவுதான். எங்கே கிடக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை, தொட்டுத் தேடவும் வழியில்லை. மண்ணச்சநல்லூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து, வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, அதற்கு மாலை போட்டுக் கொண்டுபோய் எரித்தார்கள். அன்றையிலிருந்து பொன்னுத்தாய்க்கு ஒரே பயம். தன் புருஷனையும் வைக்கோலாக எரிக்கும்படி ஆகிவிடுமோ என்று. பிடாரி முன்னால் தினமும் கேட்டது இதை மட்டும்தான்: ஒரே ஒரு தரம் அந்த மூஞ்சியைக் காட்டு.

1965 ஐப்பசி அடைமழையில் மண்டித் தராசு மூன்று நாள் அசையவில்லை. பஷீர் அகமது கூலியை வழக்கம்போலக் கல்லுக்கடியில் வைத்துக்கொண்டே வந்தார். வீட்டில் தட்டுச் சோறு பாதி, பிறகு கால், பிறகு இரண்டு வாய் என்று குறைந்து, நான்காம் நாள் காலையில் போட்டது போட்டபடி இருந்தது. பொன்னுத்தாய் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். பெட்டிக்கு மேல் மடித்து வைத்திருந்த சட்டையைப் பார்த்தாள். காணோம். பக்கத்தில் பதினைந்து காசு, அதுவும் காணோம். தலையை முடியாமல்கூட ஓடினாள்.

பாலத்தின் நடுவில், ரெங்கநாதர் எல்லைக்குள் பத்து அடி தள்ளி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தங்கையன் உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஆறே முக்கால் வருஷம் கழித்து அந்த முகத்தைப் பார்க்கிறாள். கன்னம் ஒட்டி, தாடி வெளுத்து, யாரோ கிழவர் மாதிரி. அவர் தலையைத் தூக்கி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ரொம்ப வயசாயிடுச்சு பொன்னு உனக்கு."

"உங்களுக்கு மட்டும் என்னவாம்?" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்தாள். கை பட்டது. நெருப்பாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எழுப்பினாள். அவர் தலையை ஆட்டினார்.

"முடியாது. எனக்குத் தெரியும். அங்கயே செத்தா, எது பொணம்னு உனக்கு எப்படித் தெரியும்? வைக்கோலையா வச்சு அழுவ? அதான் வந்தேன்." மூச்சு வாங்கியது. "காசு வாங்கிட்டுத்தான் ஏத்துனான் அந்தக் கண்டக்டர். காத்துல காசு நீண்டா அவங்களுக்குப் பழக்கம்தான். உடம்பு முடியல, இங்கயே இறங்கிட்டேன்" என்றார். பிறகு, "வெள்ளையம்மா சொன்னதுதான் சரி. அவகிட்ட சொல்லிடு" என்றார். மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது. மழை விட்டிருந்தது, காவேரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போனாள். பூக்கடை மருமகன் ஆட்களோடு வந்து தூக்கினான். அக்கரையில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பிணமாக, எரித்தார்கள். கொள்ளி வைத்த பேரனுக்கு அன்றுதான் தாத்தாவைத் தெரியும்.

பதினாறாம் நாள் கழிந்ததும் பொன்னுத்தாய் செக்கடிச் சந்துக்குத் திரும்பினாள். ஆற்று நடுவில் வழக்கம்போல மறைந்து, வழக்கம்போல வீட்டுக்கு வந்து, அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். சாமான்களை மூட்டை கட்டி வெளியே வைத்தாள். கதவைப் பூட்டினாள். பிடாரி முன்னால் சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அணைத்தாள். சத்தம் வராது என்று தெரிந்தும் வாய்விட்டுச் சொன்னாள்: "எங்க வீட்ல யாரும் இல்லை, தாயே."

சத்தம் வந்தது. ஏழரை வருஷம் பொய்யாக இருந்த வார்த்தை அன்றைக்கு உண்மையாகிவிட்டது. உண்மைக்குத் தண்டனை கிடையாது. உருவம், குரல், கால்மாட்டில் நிழல் மூன்றும் திரும்பி வந்தன. குழாயடியில் யாரோ கண்ணுக்குத் தெரியாதவர்களின் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். தாலி இல்லாத கழுத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்தது.

"எப்ப வந்த பொன்னுத்தாயி?"

"இப்பத்தான்க்கா. நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லச் சொன்னாரு."

"அதை வச்சு நான் என்ன பண்ண," என்றாள் வெள்ளையம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரிசையில் முதலில் நின்ற பித்தளைக் குடத்தை ஒதுக்கிவிட்டு, "வா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள். பொன்னுத்தாய் குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். வரி கட்டி வந்த தண்ணீர், உப்பே இல்லை. மற்றக் குடங்கள் நின்ற இடத்தில் அசையாமல் நின்று அவளுக்கு வழி விட்டன.

வழி எது என்று சந்துக்கு அப்போது தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு குடும்பமாக வீட்டைப் பூட்டி, சூடம் அணைத்து, முகம் திரும்ப வரப்பெற்று, பொன்மலைக்கும் மண்ணச்சநல்லூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய் வாடகைக்குக் குடியேறின. வீடுகளை வெங்காய மண்டிக்காரர்கள் கிடங்குக்கு எடுத்துக்கொண்டார்கள். 1968இல் நகரசபை வீட்டு வரியை மறுபடி உயர்த்தப் போவதாகத் தண்டோரா போட்டது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னது. செக்கடிச் சந்திலிருந்து ஒரு மனுவும் வரவில்லை. வெள்ளையம்மாள் முதல் ஆளாகப் போய்க் கட்டிவிட்டு வந்து, போகப் பிடிக்காமல் தங்கிவிட்ட இரண்டு குடங்களுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தாள்.